இல்லமும் நலமும்: சண்டை மீனுக்கு நேர்ந்த புண்

நெருளில் வாழும் அம்மையார் ஒருவர் இத்திங்கள் நமக்கு நீண்டதொரு மடல் விடுத்துள்ளார். இப்பகுதிக்கு வழக்கமாக வருவன பள்ளிச் சேர்க்கை, மழைக்காலச் சுவர்க் கசிவு, ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியோரின் மருத்துவம் ஆகியவை பற்றிய வினாக்களே. இம்மடலோ ஒரு மீனைப் பற்றியது. மீன்தானே என்று தள்ளுவோர் தள்ளுக. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

நிகழ்ந்தது இதுதான். அம்மையாரின் மகனுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கென்று குர்லாவின் மீன்கடைத் தெருவில் நீலநிறச் சண்டை மீன் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தனர். எதிர் வீட்டுச் சிறுவனிடம் சிவப்பு மீன் ஒன்று இருந்தது. விடுமுறை நாளொன்றில் சிறுவர் ஏழெட்டுப் பேர் மாடிப்படியருகே கூடி, இரண்டையும் ஒரே கண்ணாடிக் குடுவையில் விட்டுவிட்டனர். எது வெல்லும் என்பதற்குச் சாக்லேட்டுப் பந்தயமும் வைத்தார்களாம். பெரியவர் இருவர் அருகே நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தனராம். அம்மையார் கடைக்குச் சென்று திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிவப்பு மீன் அன்றிரவே இறந்தது. நீல மீன் வால் கிழிந்து, செவுள் மூடியருகே செதில் உதிர்ந்து, ஒரு கண் வெண்மை படர்ந்து தொட்டியின் அடியில் கிடந்தது. எதிர் வீட்டாரோடு பேச்சு நின்றது. மகனுக்கு இரவில் உறக்கமில்லை. மீன் பிழைக்குமா, என்ன மருந்து இடுவது, மகனிடம் என்ன சொல்வது என மூன்று வினாக்களை அம்மையார் வினவியிருந்தார்.

மீனின் புண் திங்களிதழ் வெளிவரும்வரை காத்திராது. ஆதலின் முதலிரு வினாக்களுக்கும் அன்றே விடை எழுதிவிட்டோம். இவ்வகை மீன் இன்று மாதுங்கா, செம்பூர், தாராவி, நெருள் எங்கணும் நம்மவர் இல்லங்களில் சிறார் மேசைமீது காணப்படுவதால், அவ்விடையை விரித்து இங்கும் தருகிறோம்.

கடைக்காரர் இதனை 'ஃபைட்டர்' என்றே விற்கின்றனர். அப்பெயரைச் சொல்லி ஒரு சிறுவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் அதனைச் சண்டைக்கு விட்டான் என்று வியப்பது எங்ஙனம்? இதன் தாயகம் சயாம் நாடு, அஃதாவது இன்றைய தாய்லாந்து. அங்குள்ள வயல்களிலும் ஆழமற்ற சதுப்பு நீரிலும் இயல்பாக வாழ்வது. அந்நாட்டினர் இதனைக் 'கடிக்கும் மீன்' என்ற பொருளில் 'பிளா காட்' என்பர். 1840 இல் சயாம் மன்னர் அளித்த மீன்கள் சில, கிழக்கிந்தியக் கும்பினியின் வங்க மருத்துவப் பணியிலிருந்த டென்மார்க்கு நாட்டவரான தியோடர் கேன்டர் என்பாரிடம் வந்து சேர்ந்தன. அவர் 1849 இல் இதனைப் பற்றி எழுதினார். அவர் இட்ட பெயர் வேறொரு மீனுக்கு உரியதென்று கண்ட ஆங்கிலேய அறிஞர் ரீகன், 1909 இல் 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்' என்று பெயரிட்டார். பின்னது 'ஒளிமிக்கது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். 2019 இல் தாய்லாந்து இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

மலேயாவில் வாழும் நம்மவர்க்கும் இவ்வினம் புதிதன்று. அங்கே மலாய் மொழியில் இதனை 'இக்கான் லாகா' என்பர். சண்டை மீன் என்பதே பொருள். அந்நாட்டு வயல்வாய்க்கால்களில் வாழும் உறவினம் ஒன்றுக்கு 1975 இல் அறிவியலார் சூட்டிய பெயர் 'இம்பெல்லிஸ்'. போரிடாதது என்று பொருள். பெயர் சூட்டியவர் அம்மீன்கள் இரண்டை ஒரே குடுவையில் கண்டதில்லை போலும்.

நம் தமிழ்நாட்டு வயல்களிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த சிறு மீன் ஒன்று உண்டு; வால் நடுவில் கூர்முனை நீண்டிருக்கும்; விரலளவே வளரும். புதுச்சேரியையடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த மீனைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் குவியே 1831 இல் வெளியிட்ட நூலில் இது இடம்பெற்றது. அறிவியல் பெயரில் உள்ள 'குப்பானஸ்' என்னும் சொல் நம் அரியாங்குப்பத்தின் குப்பமே. நீர்மேல் நுரைக்கூடு கட்டி, ஆண்மீன் முட்டையைக் காக்கும் வழக்கம் இதற்கும் உண்டு. வாய்க்காலில் விளையாடி வளர்ந்த நம் பெரியோர் பலர் பெயரறியாமலே இதனைக் கண்டிருப்பர்.

இனி, இவை ஏன் சண்டையிடுகின்றன என்பதைக் காண்போம். ஆண் சண்டை மீன் வாயால் காற்றை விழுங்கி, உமிழ்நீரில் பொதிந்து, நீர்மேல் குமிழிகளாக விட்டுக் கூடு கட்டும். பெண்மீன் இடும் முட்டைகளைத் தன் வாயால் பொறுக்கி அக்கூட்டில் வைக்கும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிந்து, அவை தாமே நீந்தத் தொடங்குமட்டும், கீழே நழுவி விழும் ஒவ்வொன்றையும் மீண்டும் எடுத்துக் கூட்டில் சேர்க்கும். அக்கூட்டின் எல்லைக்குள் வரும் வேறோர் ஆண்மீன் அதற்குத் திருடனாகும். ஈன்ற பெண்மீனைக்கூட முட்டையைத் தின்றுவிடுமென்று துரத்தும். ஆக, இச்சினத்தின் வேர் தந்தைமையே.

இயற்கையில் இத்தகைய மோதல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டும் செவுள் மூடியை விரித்து, துடுப்புகளைப் பரப்பித் தம்மைப் பெரிதாகக் காட்டும். அதிலேயே ஒன்று தளர்ந்து ஓடிவிடுவதுண்டு. வயலில் ஓட இடமுண்டு. குடுவையில் இல்லை, இதனை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். தோற்ற மீன் ஓடுவதற்கு இடமின்றி மூலையில் ஒடுங்க, வென்ற மீன் அதனை இன்னும் எல்லையை விட்டு அகலாத பகைவனென்றே கருதிக் கடிக்கும். போதாக்குறைக்கு, மனிதர் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்ததனால் வளர்ப்பினங்களின் சினம் காட்டு மீனினும் மிகுந்தது. அவை மணிக்கணக்கிற் போரிடவல்லன. குறைந்தது 400 ஆண்டுகளாக மனிதர் இம்மீனை வளர்த்து வருகின்றனர் என்று 2022 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று கூறுகின்றது.

இம்மீனுக்குச் செவுளோடு, தலைக்குள் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பொன்றும் உண்டு. இரண்டு மீன்கள் தாடையோடு தாடை கவ்விக்கொண்டால் இரண்டிற்கும் மூச்சு முட்டும். சண்டையை நிறுத்தி நீர்மேல் வந்து காற்றுக் குடித்து மீண்டும் இறங்கும். இவ்வாறு பொருதும் இரு மீன்களின் அசைவுகள் நேரம் செல்லச்செல்ல ஒத்திசைகின்றன என்றும், அவற்றின் மூளையிலேயே மரபணுக்களின் இயக்கம் ஒருபடித்தாகின்றது என்றும் 2020 இல் ஓர் ஆய்வு கண்டது. பகைவர் இருவர் நெடுநாள் பொருதினால் ஒருவரைப் போலவே மற்றவர் ஆகிவிடுவர் என்பதை மீனிடத்தும் காண்கிறோம். எதிரெதிர் வீட்டாரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை.

புண்பட்ட மீனுக்கு முதலுதவி யாது? முதற்கண், உடனே பிரிக்க வேண்டும். கையை விட்டுப் பிடிக்கலாகாது. அதன் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான படலம் உரிந்துபோம். அப்படலமே நோய் புகாமற் காக்கும் கவசம். கிண்ணமொன்றை நீரில் அமிழ்த்தி, மீனை நீரோடு முகந்து எடுக்க. தனித் தொட்டியில், முன்னிருந்த நீரின் வெம்மையே உள்ள நல்ல நீரில் விடுக. விளக்கை அணைத்து, தொட்டியின் மூன்று பக்கமும் தாளால் மறைத்துவிடுக. அச்சமுற்ற உயிருக்கு இருட்டே முதல் மருந்து. அன்று உணவிட வேண்டா.

இரண்டாவது, தூய நீர். கிழிந்த துடுப்புக்கு வேறு மருந்து தேவையில்லை. நீர் தூயதாயின் அது தானே வளரும். துடுப்பின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் தோன்றினால், புதுத் துடுப்பு வளர்கின்றதென்று அறிக. அதனைப் பூஞ்சணமென்று அஞ்சி மருந்தைக் கொட்டுவார் பலர். பூஞ்சணமாயின் வெண்பஞ்சு ஒட்டினாற்போல் புடைத்து நிற்கும். ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தால் அது துடுப்பழுகல். மீன்கடையிலோ, மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடமோ உடனே காட்ட வேண்டும். வீட்டில் மிஞ்சிய மனிதர் மாத்திரைகளைப் பொடித்துப் போடும் வழக்கம் ஒருசிலரிடம் உள்ளது. அது முற்றிலும் கூடாது.

மூன்றாவது, உப்பு. அயோடின் சேராத வெறும் கல்லுப்பைப் பத்து லிட்டர் நீருக்கு இரண்டு சிறு கரண்டி என்ற அளவில் தனியே கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பத்து நாளுக்கு மேல் வேண்டா. நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் நீரையே சேர்க்க, உப்பு ஆவியாவதில்லை. இதனை மறந்து ஒவ்வொரு முறையும் உப்பிட்டால் மீன் ஊறுகாய்தான்.

நான்காவது, நம் தெருவிலேயே கிடைப்பது. நவி மும்பையில் குடியிருப்புகளின் மதிலோரம் அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்கும் நாட்டு வாதுமை மரத்தை அறியாதார் இலர். இவ்வூரார் 'ஜங்லி பதாம்' என்பர். அதன் இலை சிவந்து உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்தபின், நன்கு கழுவி ஒன்றைத் தொட்டியில் இட்டால், நீர் தேநீர் நிறமாகும். இலையிலுள்ள துவர்ப்புப் பொருள் நோய்க்கிருமிகளை ஓரளவு அடக்கும். தென்கிழக்காசிய நாடுகளில் சண்டை மீன் வளர்ப்போர் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றனர். கடைகளில் இவ்விலையைப் பையில் அடைத்து விலைக்கு விற்பதையும் காண்கிறோம். வாசலில் கிடப்பதைப் பெருக்கித் தள்ளிவிட்டுக் கடையில் வாங்குவது நகர வாழ்க்கையின் சிறப்பு. பூச்சிமருந்து தெளித்த மரமாயின் அவ்விலை ஆகாது.

மஞ்சள் இடலாமா என்றும் அம்மையார் கேட்டிருந்தார். நம்மவர் கை எப்புண்ணைக் கண்டாலும் மஞ்சட் கிண்ணத்தை நாடும். ஆயினும் நீரில் தூவிய பொடி செவுளில் படிந்து மூச்சைத் தடுக்கக்கூடும். வேண்டா.

செவுளில் பட்ட கடியே கொடியது. மீன் அடியில் சாய்ந்து கிடந்து விரைந்து விரைந்து மூச்சு வாங்குமாயின் நம்பிக்கை குறைவு. அவ்வேளை நீரின் உயரத்தைக் குறைத்து, சிறிது முயன்றாலே மேலே வந்து காற்றுக் குடிக்கும்படி செய்வது நன்று. நெருளில் நிகழ்ந்ததும் இதுவே. மூன்று நாள் அம்மீன் உணவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு கொசுப்புழுவை விழுங்கிற்று என்று அம்மையார் மறுமடல் எழுதினார். கண் போய்விட்டது, அது மீளாது. ஆயினும் ஒற்றைக் கண் மீன் தன் தொட்டியைப் பழகிக்கொண்டு நெடுநாள் வாழும். உணவை மட்டும் நாள்தோறும் ஒரே மூலையில், பார்வையுள்ள பக்கத்தில் இட வேண்டும். அப்பொறுப்பைச் சிறுவனே ஏற்றுக்கொண்டானாம்.

மூன்றாம் வினாவிற்கு வருவோம். மகன் தாயிடம் கேட்டது, அம்மீன்கள் ஒன்றையொன்று அவ்வளவு வெறுத்தனவா என்பதே. வெறுக்கவில்லை என்று சொல்லுங்கள். கண்ணாடியில் தன் உருவைக் கண்டாலும் இம்மீன் செவுளை விரித்துப் பாயும், அங்கே பகையேது? தன் எல்லையைக் காப்பது அதன் பிறவிக் குணம். இரண்டையும் ஓடவியலாத இடத்தில் கொண்டுவிட்டவை மனிதக் கைகள். இதனை மறைக்க வேண்டா. சிறுவன் அறிந்துதான் உறங்காமல் இருக்கிறான். அவனை அடிப்பதிலும், ஒன்றும் நிகழவில்லையென்று வேறொரு மீன் வாங்கிக் கொடுத்து மூடிவிடுவதிலும் நமக்கு உடன்பாடில்லை. எதிர் வீட்டுச் சிறுவனின் மீன் இறந்தது. இழப்பு அவனுக்கே பெரிது. தாயும் மகனும் அவ்வீட்டுக் கதவைத் தட்டி, வருந்துகிறோம் என்று சொல்லிவரட்டும் என எழுதினோம். யார் மீன் முதலில் கடித்தது என்ற ஆராய்ச்சி அங்கே வேண்டா என்றும் எழுதினோம். சென்றாரா என்பதை அம்மையார் இன்னும் தெரிவிக்கவில்லை.

பெரியோர் இருவர் படம் பிடித்துக்கொண்டிருந்ததே நமக்குப் பெரிதும் உறுத்துகின்றது. சேவற் சண்டையும் கிடாச் சண்டையும் கண்டு வளர்ந்த மரபினர் நாம். மீன் சண்டை நம் கண்ணுக்கு எளிய விளையாட்டாகத் தோன்றலாம். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, மனிதரல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே கொள்கின்றது. வேடிக்கைக்காக அவற்றை மோதவிடுவது குற்றமென்கின்றது. முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று அத்தொகைக்கு இரண்டு வடைகூட வாராத உணவகங்கள் உள்ளன. தண்டத்தின் சிறுமையை எண்ணிக் குற்றத்தைச் சிறிதென்று கொள்ள வேண்டா. சிறுவர் கையில் மீன் இருந்தது. பெரியோர் கையில் நிறுத்தும் ஆற்றல் இருந்தது.

புதிதாக வாங்குவோர்க்குச் சில சொல்வோம். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்மீனே. ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழும் என்று எண்ணுவது பிழை. முட்டையிடும் வேளை தவிர மற்றெப்போதும் அவை தனித்தே இருத்தல் நலம். பெண்மீன்களும் தம்முள் கடித்துக்கொள்வதுண்டு. ஒரே தொட்டியைத் தடுத்து இரண்டை வளர்க்க விரும்பினால், தடுப்பு மறுபுறம் தோன்றாததாக இருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்பு வைத்தால் இரண்டும் நாள் முழுதும் செவுளை விரித்து நின்று சோர்ந்து நோயுறும். கடைகளில் சிறு குடுவைகளுக்கிடையே அட்டை செருகி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள், காரணம் இதுவே. நீண்ட துடுப்புள்ள பிற வண்ண மீன்களையும் உடன் விட வேண்டா.

கடையில் சிறு குடுவையில் இருப்பதைக் கண்டு, அதுவே போதுமென்று கருதலாகாது. காற்றைக் குடிக்கும் மீன் ஆதலால் குடுவையில் உடனே சாவதில்லை என்பது மட்டுமே உண்மை. குறைந்தது 10 லிட்டர், இயலுமாயின் 20 லிட்டர் நீர் வேண்டும். மூடியும் வேண்டும், ஏனெனில் இது துள்ளும். நீருக்கும் மூடிக்கும் நடுவே காற்றிருக்க இடமும் விடுக. 25 முதல் 28 பாகை வெம்மை இதற்கு ஏற்றது. நம் நகரில் ஆண்டின் பெரும்பகுதி இது இயல்பாகவே அமையும். தை மாதத்து இரவுகளிலும், குளிர்சாதனம் ஓடும் அறையிலும் கருத்தாயிருக்க.

குழாய் நீரை அப்படியே ஊற்றலாகாது. மோர்பே அணையிலிருந்து நெருளுக்கு வரும் நீரானாலும், மும்பைக்கு வரும் ஏரி நீரானாலும் குளோரின் கலந்தே வருகின்றது. ஒருநாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுக. விரைவில் வேண்டுமெனில் கடையில் விற்கும் குளோரின் முறிப்பான் சில துளி போதும். மழைக்காலத்தில் அவ்வாளியை வலையால் மூட மறவாதீர். மீனுள்ள தொட்டியில் கொசு பெருகாது. மீனில்லாத வாளியிலோ டெங்குக் கொசு ஒரு வாரத்தில் குடும்பம் நடத்தும். வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை மாற்றினால் போதும். முழுதும் கொட்டிக் கழுவுவது தூய்மைபோல் தோன்றினும், கழிவை முறிக்கும் நுண்ணுயிர்களும் அதனோடு போய்விடும், அம்மோனியா பெருகும், புண்ணுள்ள மீனுக்கு அது எரிச்சலான நஞ்சு.

வளர்க்க இயலாது என்று தோன்றினால் நெருளின் ஏரிகளிலோ குளங்களிலோ கொண்டு விடாதீர். வேற்றுநாட்டு உயிரை நம் நீர்நிலையில் கலப்பது தகாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்; பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வர்.

கடைசியாக, சித்திரை வைகாசியில் ஊருக்குச் செல்வோர் கேட்கும் வினா ஒன்றுண்டு. நாகர்கோவில் வண்டியில் மீனை எடுத்துச் செல்ல முயல வேண்டா. நலமாயுள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும். புறப்படுமுன் கால் பங்கு நீரை மாற்றி, தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்துச் செல்லலாம். அதற்கு மேல் தங்குவதாயின் அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்க. ஒவ்வொரு நாளுக்குமுரிய நாலைந்து உணவு மணிகளைத் தனித்தனித் தாளில் மடித்துத் தேதியிட்டுக் கொடுத்துவிடுங்கள். இன்றேல், பாவம் பசிக்குமே என்று அவர்கள் அள்ளிப் போடும் அன்பில் நீர் கெட்டு, நீங்கள் திரும்பும்போது மீன் இராது.